ஸ்மிதாவும் அம்பூரி ஜீப்பின் எஞ்சினும்

வெள்ளறடையிலிருந்து அம்பூரிக்குப் போகிற சாலையில், ரப்பர் ஷீட் எடுக்கிற கடையைத் தாண்டியதும் சானுவின் ஒர்க்‌ஷாப். போர்டில் சானுவின் பெயர்தான் எழுதியிருக்கிறது. உள்ளே வேலை செய்வது இரண்டு பேர். தகரக் கூரைக்குக் கீழே கிரீசும் சங்கிலிக் கப்பியுமாகக் கிடக்கும் பெரிய இடம் சானுவுக்கு. ஓரத்தில் கண்ணாடி வைத்து அடைத்த சிறிய அறை அவன் மனைவி ஸ்மிதாவுக்கு. அவன் எஞ்சின் பார்ப்பான், அவள் ஒயரிங் பார்ப்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு ஸ்மிதா நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள். தண்ணீரில் விழுந்த போனும் சார்ஜ் ஏறாத போனும் அவள் மேசைக்கு வரும். ஒரு மழைக்காலத்தில் சானு ஒரு காரின் கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு அங்கே வந்தான். வண்டிக்குள் வெள்ளம் ஏறி அது செத்துப்போயிருந்தது.

"இது போன் இல்ல. ஆனா உள்ள இருக்கது எல்லாம் ஒரே சாமானம்தானே. ஒண்ணு திறந்து பாப்பியளா?" என்று கேட்டான்.

கடை முதலாளி வேண்டாம் என்று தலையசைத்தார். ஸ்மிதா அதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டாள். சிப்புகளின் பச்சை பிடித்த கால்களைச் சுரண்டிச் சுத்தமாக்கி, புதிதாக ஈயம் வைத்துக் கொடுத்தாள். கார் ஸ்டார்ட் ஆயிற்று. பிறகு சானு இன்னொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு வந்தது அவன் அம்மா சரசம்மா. அவர் ரிப்பேருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஸ்மிதாவின் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்து ஒர்க்‌ஷாப்புக்கு வரத் தொடங்கியபோது இருவருக்கும் நடுவில் ஒரு எல்லை தானாகவே அமைந்துவிட்டது. ஒயர் விஷயத்தில் சானு வாயைத் திறக்கமாட்டான். எஞ்சின் விஷயத்தில் ஸ்மிதா திறக்கமாட்டாள். வருகிறவர்கள் எல்லாம் சானுவிடம்தான் பேசுவார்கள். "வீட்டுக்காரியும் ஒரு கை சகாயம் உண்டு" என்று அவன் சொல்லுவான். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது காதில் விழும்.

அந்த எல்லையை முதலில் தாண்ட வைத்தது யோசுவாவின் ஜீப்பு.

யோசுவா பல வருஷம் சவூதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவர். சபையைச் சேர்ந்த சிலர் நடத்தும் பாலியேட்டிவ் வண்டியை இப்போது ஓட்டுகிறார். படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நர்ஸ் பிந்துவை அழைத்துப்போவது அவர் வேலை. அம்பூரிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வீடுகளுக்குச் சாதாரண கார் போகாது. அதற்காகவே ஒரு பழைய ஜிப்சி ஜீப்பு வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் ஒழுகியதை யாரும் கவனிக்காமல் ஓட்டியதில் அதன் எஞ்சின் சூடேறி விரிசல் விட்டுவிட்டது. சிலிண்டரைக் கடைந்து, போரிங் பண்ணிச் சரியாக்குகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. பாலராமபுரம் பக்கம் பழைய இரும்பு வாங்குகிற ஒரு ஆக்கிரிக்கடையில், பின்னால் அடிபட்டு நொறுங்கிய ஒரு காரின் எஞ்சின் கிடைத்தது. அதே கம்பெனி, அதே பெட்ரோல், சக்தி கொஞ்சம் அதிகம். எஞ்சின் மாற்றுவதற்கு அனுமதி வாங்க ஆர்.டி. ஆபீசுக்கு யோசுவாவே அலைந்து வாங்கிவிட்டார்.

எஞ்சினைக் கப்பியில் தொங்கவிட்டு, சானு அதன் முன்பக்கத்தைத் தட்டிக் காட்டினான். "இதுல வி.வி.டி. உண்டு. அதப் பூட்டிரலாம்."

"அது என்னது?" என்றார் யோசுவா.

எஞ்சினுக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் இருக்கின்றன. பழைய எஞ்சின்களில் அவை திறக்கிற நேரம் எப்போதும் ஒன்றுதான். இந்த எஞ்சினில் ஓட்டத்துக்குத் தகுந்தபடி வால்வு கொஞ்சம் முந்தியோ பிந்தியோ திறக்கும். அதற்காக வால்வுத் தண்டின் நுனியில் ஒரு தனிச் சக்கரம் உண்டு. ஆயில் அழுத்தத்தால் அது திரும்பும். எவ்வளவு ஆயில் போகவேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, விரல் நீளமுள்ள ஒரு சின்ன ஆயில் வால்வு திறந்து மூடும். இத்தனையும் சேர்ந்ததுதான் வி.வி.டி. பூட்டுவது என்றால் அந்தச் சக்கரம் திரும்பாதபடி துளை போட்டு ஒரு ஊசியை அடித்து நிறுத்திவிட்டு, ஆயில் போகிற துளையையும் அடைத்துவிடுவது.

"நான் போட்ட எஞ்சின் எல்லாத்துலயும் அதாக்கும் செய்தது. கம்ப்ளெய்ண்ட் வராது" என்றான் சானு.

கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்தது. ஸ்மிதா வெளியே வந்தாள். "பூட்டினா அடியில புல்லிங் போவுமே. பைய ஏறும்போ இழுக்காது."

சானு திரும்பிப் பார்த்தான். "கொஞ்சம் போவும்."

"இந்த வண்டி ஹைவேல பறக்கப்போறதில்ல. பிந்து சிஸ்டரையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஏத்திட்டு, பைய மலை ஏறுத வண்டி. அதுக்கு அடி புல்லிங்தானே வேணும்?"

"அது வேல செய்யணும்னா காருக்க கம்ப்யூட்டரும் முழு ஒயரிங்கும் வேணும். கம்ப்யூட்டர் கெடக்கு. ஒயரிங்க ஆக்கிரிக்கடக்காரன் பிளேடு வச்சு அறுத்து சாக்குல வாரிப்போட்டாக்கும் தந்திருக்கான். பாத்தியா அந்தச் சாக்க?"

"ஒயரு எனக்க காரியம்."

யோசுவா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் நான் யாரு சொல்லதக் கேக்கணும்?"

சானு துணியில் கையைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "ஒயரிங் நடந்தா பூட்டமாட்டேன். நடக்கேலன்னா பூட்டுவேன்."

ஸ்மிதா சாக்கை அறைக்குள் இழுத்துப்போட்டாள். அறுபட்ட ஒயர்கள் தலைமுடிச் சிக்கல் மாதிரி இருந்தன. ஒரே நிறத்தில் பல ஒயர்கள், எது எங்கே போகிறது என்று முனையில் ஒரு அடையாளமும் இல்லை. நிறத்தையும் அதில் ஓடும் மெல்லிய கோட்டையும் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தரையில் எஞ்சினின் வடிவத்திலேயே பரப்பி வைத்தாள். எல்லாம் சேர்ந்த பிறகும் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. அந்தக் காரின் சாவியை அடையாளம் கண்டால்தான் அது எஞ்சினை ஓடவிடும். சாவி பூட்டும் அதைச் சுற்றியிருக்கும் வளையமும் சாக்கில் இல்லை. ஸ்மிதா பஸ் ஏறிப் பாலராமபுரம் போனாள். ஆக்கிரிக்கடைக்காரர் ஒரு குவியலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். வெயிலில் உட்கார்ந்து ஸ்டியரிங் கம்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சாவி தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கண்டுபிடித்தாள். திரும்பி வந்தபோது முழங்கை வரை துரு ஒட்டியிருந்தது.

இதற்கிடையில் சானு, எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் பொருத்துவதற்கு லேத்தில் ஒரு தட்டு கடைந்து வாங்கி, எஞ்சினின் முன்மூடியைத் திறந்து செயினைப் பார்த்து, சிலிக்கான் பசை தடவித் திரும்ப மூடி, ஜீப்பில் இறக்கி வைத்துவிட்டான். ஸ்மிதா சாவியைத் திருப்பினாள். முதல் தடவையே பிடித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதும் எஞ்சின் ஆட்டமில்லாமல் ஓடியது.

சானு பானெட்டுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான்.

ஜீப்பு மலை ஏறத் தொடங்கியது. முன்பெல்லாம் ரோட்டோரச் சிலுவை நிற்கும் குருசடிக்கு அப்புறம் வரும் செங்குத்தான வளைவில் முதல் கியர் போட்டு உறுமிக்கொண்டுதான் போகவேண்டும். இப்போது இரண்டாம் கியரிலேயே போகிறது என்று பிந்து ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்மிதா அதைச் சரசம்மாவிடம்கூடச் சொன்னாள்.

ஐப்பசியில் துலா மழை தொடங்கிய பிறகு ஜீப்பு வழியில் நின்றது.

அம்பூரிக்கு மேலே பொன்னையன் என்ற ஒருவர் இருந்தார். பலாமரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர். ஒருநாள் அவருக்குச் சிறுநீர் போக வைத்திருந்த குழாய் அடைத்துக்கொண்டது. மனைவி செல்லபாய் போன் செய்ததும் பிந்து கிளம்பினார். பாதி ஏற்றத்தில், எதிரே வந்த ஆட்டோவுக்கு வழிவிட யோசுவா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஜீப்பு குலுங்கி ஆஃப் ஆயிற்று. மறுபடி ஸ்டார்ட் செய்தால் காலை எடுத்தவுடன் நின்றது. அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். நனைந்த ஏற்றத்தில் பிரேக்கையும் கிளச்சையும் ஆக்சிலேட்டரையும் ஒரே நேரத்தில் மிதிக்க அவருக்கு இரண்டு கால்கள்தானே இருந்தன. கடைசியில் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார். மேலே பொன்னையனை நாற்காலியில் வைத்து, பக்கத்து வீட்டு ஆட்கள் ரோடு வரை தூக்கிவந்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுவதும் அவர் வலியில் கத்திக்கொண்டிருந்தார்.

ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டபோது சானு இல்லை. சரசம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நெய்யாற்றின்கரையில் இருந்தான்.

"நான் ஒண்ணும் குற்றம் சொல்லேல மக்கா. வண்டி வழியில நிக்கப்பிடாது. அவ்வளவுதான்" என்றார் யோசுவா.

பொன்னையன் வீட்டில் நடந்ததைப் பிந்து போனில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஸ்மிதாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தான் சேர்த்த ஒயர் ஏதோ ஒன்று விட்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள், மீட்டர் வைத்துப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனரை மாட்டினால், வால்வுத் தண்டு நிற்கவேண்டிய இடத்தைவிட முன்னால் நிற்கிறது என்று காட்டியது. ஏன் என்று அது சொல்லாது. ஆயில் வால்வின் ஒயரைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் எஞ்சின் நின்றது. கோளாறு ஒயரில் இல்லை, உள்ளே என்று அவளுக்கு விளங்கியது. பழைய எஞ்சின், உள்ளே இருக்கும் சக்கரம் தேய்ந்திருக்கும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் சானு வந்ததும் சொன்னாள்: "ஒயருல தப்பு இல்ல. சக்கரம் போயாச்சுன்னு தோணுது. நீங்க சொன்னதுதான் செரி. பூட்டிருங்க."

சானு ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனான். ஸ்மிதா அறைக்குள் வந்து, யாரோ கொடுத்திருந்த ஸ்கூட்டர் மீட்டரைப் பிரித்துவைத்து உட்கார்ந்தாள். வெளியே சத்தம் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து பார்த்தாள். சானு ஆயில் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான்.

"இஞ்ச வா" என்றான்.

அவன் விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்கு போல ஒன்று ஒட்டியிருந்தது. அரிசிமணியளவுகூட இருக்காது.

"சக்கரம் தேயேல. இது வால்வுக்க இடுக்குல கெடந்து, அத மூடவிடாம பிடிச்சிட்டிருந்து. அதாக்கும் தண்டு முன்னால போயி நின்னது."

"என்ன இது?"

"சிலிக்கான். மூடிய அடைக்கும்போ நான் கொஞ்சம் கூடுதலா போட்டேன். உள்ள பிதுங்கினது பிஞ்சு ஆயிலுல கலந்திருக்கு."

ஸ்மிதா அந்தத் துணுக்கையே பார்த்தாள். அவன் அதைத் துணியில் துடைத்துவிட்டுச் சக்கரத்தைப் பூட்டியிருந்தால் அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. அது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் முதலில் வந்தது கோபம்தான்.

"நேத்து முழுக்க ஒவ்வொரு ஒயரா இழுத்துப் பாத்தேன். எனக்க கைதான் பிழைச்சுன்னு நெனச்சு, ஒரு பருக்க சோறு இறங்கேல" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சானு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யோசுவாவுக்குப் போன் செய்தான். அவள் கேட்கவேண்டும் என்றே அங்கே நின்றானோ என்னவோ. "தப்பு எனக்க பக்கமாக்கும்... இல்ல, ஒயரிங் இல்ல. நான் போட்ட பசை... ஓ. பிந்து சிஸ்டர்கிட்டயும் சொல்லுங்க" என்று அவன் சொல்வது கேட்டது.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டை இறக்கி, உள்ளே ஒட்டியிருந்த மிச்சப் பசையை எல்லாம் சுரண்டி எடுத்து, ஆயில் போகிற வழிகளைக் கழுவி, புது ஆயில் ஊற்றினார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். பேச்சு குறைவாகத்தான் இருந்தது. எஞ்சின் பழையபடி அமைதியாக ஓடியது.

யோசுவா வண்டியை எடுக்க வந்த அன்று, சண்டை தலைகீழாக ஆகியிருந்தது.

"இனி பூட்டாண்டாம். பசையையெல்லாம் எடுத்தாச்சு. சாமானத்துல ஒரு கேடும் இல்ல" என்றான் சானு.

"எனக்கு இப்பம் பூட்டணும்னுதான் தோணுது" என்றாள் ஸ்மிதா. "யாரு தப்புங்கது வேற காரியம். ஒரு அரிமணி அளவு சாமானம் போயி அடைச்சா வண்டி நிக்கும்னு பாத்தாச்சு. இனி ஒருக்க நின்னா மேல படுத்திருக்க ஆளுக்க கதி என்ன?"

யோசுவா நெற்றியைத் தடவினார். "முந்தி அவன் பூட்டணும்னான், நீ வேண்டாம்னே. இப்பம் நீ பூட்டணும்ங்கே, அவன் வேண்டாம்ங்கான். நீங்க ரெண்டுபேரும் வண்டில ஏறுங்க. எனக்கு நாளைக்கு பொன்னையனுக்க வீட்டுக்கு போணும்."

மறுநாள் பிந்துவோடும் சாமான்களோடும் அவர்களும் ஏறினார்கள். பூட்டினால் ஏற்றத்தில் எப்படிப் போகும் என்று பார்க்க, கிளம்பும்போது சானு ஆயில் வால்வின் ஒயரைக் கழற்றிவிட்டான். வால்வு நல்ல நிலையில் இருக்கும்போது ஒயரைக் கழற்றினால் சக்கரம் அசையாது, ஏறக்குறைய பூட்டியது போலத்தான். கீழ்ரோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குருசடி வளைவில் இரண்டாம் கியர் திணறியது. யோசுவா முதல் கியருக்கு மாற்றினார். ஈரமண்ணில் டயர் வழுக்கிச் சுழன்று வண்டி ஓரத்துக்குச் சறுக்கியது. பிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முயற்சியில் மேலே ஏறியது.

பொன்னையன் வீட்டில் பிந்து வேலையைப் பார்க்கும்போது ஸ்மிதா அடுக்களை வாசலில் செல்லபாயிடம் சொன்னாள்: "அக்கா, அண்ணைக்கு வண்டி வராம போனது எங்களுக்க தப்பாக்கும்."

செல்லபாய் மரச்சீனிக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தார். "அப்பிடியா. நாங்க ரோட்டையில்லியா ஏசினோம்" என்றார். பிறகு, "அவரு நல்லா வலி தின்னாரு" என்றார். அவ்வளவுதான். தட்டில் கிழங்கும் மிளகுச் சம்மந்தித் துவையலும் வைத்துக் கொடுத்தார். ஸ்மிதா மறுக்காமல் வாங்கித் தின்றாள்.

பொன்னையன் கட்டிலிலிருந்தே யோசுவாவைக் கேட்டார்: "அடுத்த வாரமும் வண்டி வருமா?"

"வரும்" என்றார் யோசுவா.

இறங்கும்போது குருசடிக்குக் கீழே நிறுத்தி, சானு ஒயரை மாட்டினான். யோசுவா வண்டியைத் திருப்பி அதே வளைவில் மறுபடியும் ஏற்றினார். இரண்டாம் கியரில், டயர் ஒரு தடவைகூட வழுக்காமல் போயிற்று. மேலே நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "பூட்டாண்டாம். வண்டி நிக்குதது எனக்கு பயம்தான். ஆனா மழையில அந்த வளைவுல சறுக்குதது அதைவிட பயம்."

ஸ்மிதா யோசித்தாள். "அப்பம் ஒரு காரியம் செய்யலாம். அந்த ஆயில் வால்வு ஒரே ஒரு போல்ட்டுலதானே நிக்குது? வேற ஒண்ணு வாங்கி கழுவி வண்டில வச்சிருவோம். மறுபடி அடைச்சா வழியிலயே மாத்தலாம்."

"நான் மாத்தணுமா?" என்றார் யோசுவா.

"நீங்கதான்."

சானு ஸ்பானரை அவர் கையில் கொடுத்தான். அங்கேயே, மழைத் தூறலில், பானெட்டைத் திறந்துவைத்து அவர் வால்வைக் கழற்றி மாட்டிப் பழகினார். முதல் தடவை போல்ட் கைநழுவிச் சேற்றில் விழுந்தது. பிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்கு அடுத்த தடவை சரியாக வந்தது.

ஆயில் மாற்றுகிற காலத்தையும் சானு பாதியாகக் குறைத்தான். உபரி வால்வு ஜீப்பின் பெட்டியில் துணியில் சுற்றிக் கிடக்கிறது. இதுவரை அதற்கு வேலை வரவில்லை. பொன்னையன் அதற்கு அடுத்த கிறிஸ்துமசும் இருந்தார். மாசி மாதம் தூக்கத்தில் போனார். அதுவரை எந்த வாரமும் பிந்து அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. இப்போது ஜீப்பு அந்தச் சரிவில் வேறு இரண்டு வீடுகளுக்குப் போகிறது.

போன மாதம் தனுவச்சபுரம் பக்கத்திலிருந்து ஒருவர், பழைய வண்டிக்குப் போட ஒரு எஞ்சினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வி.வி.டி. உள்ள எஞ்சின். அதை அப்படியே வைக்கவேண்டும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார். சானு அவரைக் கண்ணாடி அறைக்கு அனுப்பினான். ஸ்மிதா கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டாள். கம்ப்யூட்டரும் இல்லை, ஒயரும் இல்லை, சாவியும் இல்லை. வண்டியும் பாறசாலை சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போகிற வண்டிதான். வழி முழுவதும் சமவெளி.

"இதப் பூட்டிரலாம். உங்களுக்கு அது போரும்" என்றாள் ஸ்மிதா.

அவர் நம்பிக்கையில்லாமல் வெளியே வந்து சானுவைப் பார்த்தார். சானு அதற்குள், ஊசி அடிக்கத் துளைபோடும் மெஷினுக்கு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தான்.